மூக்கு சொல்வதும் மீட்டர் சொல்வதும்

அம்பத்தூரில் தண்ணீர், கழிவுநீர் பரிசோதிக்கும் லேப் ஒன்றில் 19 வருடம் இருந்தேன். இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகளின் எஸ்.டி.பி.களை, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களைப் போய்ப் பார்த்து, என்ன கோளாறு என்று சொல்லும் வேலை. வந்த கடிதங்களில் நாலுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பில் 120 வீடுகள். தினமும் காலை 6 மணியிலிருந்து 8 மணி வரை எஸ்.டி.பி. பக்கம் போக முடியவில்லை, அவ்வளவு நாற்றம். பகலில் குறைந்துவிடுகிறது. ப்ளோயர் (தொட்டிக்குள் காற்றடிக்கும் இயந்திரம்), டிஃப்யூசர் (அந்தக் காற்றைக் குமிழிகளாக விடும் பாகம்) எல்லாம் மாற்ற 6 லட்சம் ஆகும் என்கிறார் பராமரிப்புக்காரர். ஆனால் மாதாமாதம் லேப் ரிப்போர்ட் நன்றாகத்தான் வருகிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?
— அசோசியேஷன் செயலாளர், பெரும்பாக்கம்

இப்போதைக்குப் பணத்தை எடுக்காதீர்கள். இன்று இரவு 1 மணிக்கு எழுந்து போய், ப்ளோயர் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். காலையில் மட்டும் நாற்றம் என்றாலே எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். சத்தம் என்று யாராவது புகார் சொல்லியிருப்பார்கள், அல்லது கரன்ட் பில்லைக் குறைக்க டைமர் போட்டிருப்பார்கள். தொட்டியில் கழிவைத் தின்பவை உயிருள்ள நுண்ணுயிர்கள். நமக்கு மூச்சு மாதிரி அவற்றுக்கு அந்தக் காற்று. ஆறேழு மணி நேரம் நிறுத்தினால் தொட்டி அழுகத் தொடங்கி, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு தண்ணீரில் சேர்ந்துகொள்ளும். காலையில் ப்ளோயரைப் போட்டதும் குமிழிகள் அதை அப்படியே வெளியே தள்ளிவிடும். உங்கள் 6 மணி நாற்றம் அனேகமாக அதுதான்.

ப்ளோயர் இரவெல்லாம் ஓடுகிறது என்றால் அடுத்து தொட்டியின் மேற்பரப்பைப் பாருங்கள். எல்லா இடத்திலும் சோறு கொதிக்கிற மாதிரி சின்னச் சின்னக் குமிழியாக வர வேண்டும். ஒரு மூலையில் மட்டும் பெரிதாகக் கொப்பளித்து மற்ற இடம் சும்மா இருந்தால், அங்கே டிஃப்யூசர் ரப்பர் கிழிந்திருக்கிறது. கிழிந்ததை மட்டும் மாற்றினால் போதும்.

அப்புறம் ஒரு லிட்டர் மெஷரிங் சிலிண்டர் ஒன்று வாங்கி வையுங்கள். காற்றடிக்கும் தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு அதில் நிரப்பி, அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் வைக்க வேண்டும். 250 முதல் 400 மில்லி வரை சுக்குக் காபி நிறத்தில் வண்டல் இறங்கி, மேலே தெளிந்த தண்ணீர் நின்றால் தொட்டி ஆரோக்கியமாக இருக்கிறது. முகர்ந்தால் மழை பெய்த மண் வாசனைதான் வரும், நம்புங்கள். வண்டல் 100 மில்லிக்கும் கீழே என்றால் நுண்ணுயிர் போதவில்லை. கறுப்பாக இருந்தால் காற்று போதவில்லை. இறங்கிய வண்டல் சீக்கிரமே கட்டிகட்டியாக மேலே மிதந்து வந்தால், வண்டல் படியும் அடுத்த தொட்டியில் ஸ்லட்ஜை, அதாவது அந்த வண்டலை, நாள்கணக்கில் தேக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த அரை மணி நேரச் சோதனையைத் தினமும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். லட்ச ரூபாய்க் கருவி சொல்வதில் பாதியை அது சொல்லிவிடும்.

உங்கள் லேப் ரிப்போர்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் லேபில் இருந்தபோது ஒரு குடியிருப்பிலிருந்து சுத்திகரித்த தண்ணீர் என்று ஒரு சாம்பிள் வந்தது. அம்மோனியா துளிகூட இல்லை, உப்பின் அளவு லாரித் தண்ணீர் அளவுக்கு. 100 வீட்டுக் கழிவு எவ்வளவு சுத்தமானாலும் நாம் சேர்க்கும் உப்பு அதைவிட்டுப் போகாது. சந்தேகப்பட்டு நானே நேரில் போனேன். பாட்டிலை நிரப்பியது சம்ப்பில் கொட்டிய லாரித் தண்ணீரால். எத்தனை மாத ரிப்போர்ட் அப்படிப் போயிருக்குமோ! அதனால் சாம்பிள் எடுக்கும்போது அசோசியேஷனில் ஒருவர் கூடவே நில்லுங்கள். பாட்டில் ஐஸ் பெட்டியில் போக வேண்டும், லேபுக்கு என்.ஏ.பி.எல். (லேப்களுக்குத் தரச் சான்று தரும் அமைப்பு) அங்கீகாரம் இருக்க வேண்டும். கழிவைத் தின்ன நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கின்றன என்று பார்ப்பதுதான் பி.ஓ.டி. நம் நாட்டில் அந்தச் சோதனை என்பது 27 டிகிரியில் 3 நாள் வைத்துப் பார்ப்பது. காலையில் சாம்பிள் எடுத்து மாலையில் பி.ஓ.டி. எண் கொடுக்கிறவரிடம் இனிமேல் போகாதீர்கள்.

மகனுக்கு வீசிங் இருப்பதால் காற்று மாசு காட்டும் சின்ன மீட்டர் வாங்கினேன். மார்கழிக் காலையில் 140 காட்டுகிறது. அதே நேரம் போனில் ஆலந்தூர் நிலையம் 90 என்கிறது. எதை நம்புவது?
— வாசகி, ஆதம்பாக்கம்

இரண்டும் வேறு வேறு கணக்கும்மா. உங்கள் மீட்டர் அநேகமாக ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் தூசு என்று அந்த நிமிடத்தைச் சொல்கிறது. போனில் வருவது பெரும்பாலும் ஏ.க்யூ.ஐ. என்ற குறியீட்டு எண், அதுவும் கடந்த 24 மணி நேரச் சராசரி. நம் நாட்டுக் கணக்கில் பி.எம். 2.5 என்ற மிக நுண்ணிய தூசு 60 மைக்ரோகிராம் இருந்தால் ஏ.க்யூ.ஐ. 100. அந்த 60தான் ஒரு நாளுக்கான தேசிய வரம்பும்.

இன்னொன்று, பனி. சின்ன மீட்டருக்குள் லேசர் ஒளி தூசில் பட்டுச் சிதறுவதை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். ஈரக் காற்றில் தூசு ஊறிப் பெருத்துவிடும். பனித்துளியும் தூசாகக் கணக்கில் சேரும். நிலையத்துக் கருவிகளில் உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்த பிறகே அளப்பார்கள்.

அதற்காக மீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். அதை அதனோடேயே ஒப்பிடுங்கள். பையன் படுக்கும் அறையில் கொசுவர்த்தி ஏற்றும் முன் ஒரு முறை, ஏற்றி அரை மணி கழித்து ஒரு முறை பாருங்கள். எண் எவ்வளவு ஏறுகிறது என்று கண்ணால் கண்டபின் கொசுவலைக்கு மாறிவிடுவீர்கள். போகி அன்று ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளேயும் வெளியேயும் பார்ப்பதற்கும் அந்த மீட்டரே போதும்.

24 மணி நேரத்தில் சமையலறைக் குப்பையை உரமாக்கும் இயந்திரம் என்கிறார்கள். வாங்கலாமா?
— வாசகர், திருவான்மியூர்

24 மணி நேரத்தில் அது அரைத்து, சூடாக்கி, உலர்த்தும். உரமாகாது. வெளியே வருவதை இன்னும் சில வாரம் பெட்டியில் முதிர விட வேண்டும், அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விற்க வருபவரிடம் ஒரு கைப்பிடி வாங்கி, தண்ணீர் தெளித்து, மூடிய டப்பாவில் இரண்டு நாள் வைத்துத் திறங்கள். புளித்த நாற்றம் வந்தால் அது காய்ந்த குப்பைதான்.

எங்கள் பக்கம் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. செப்டிக் டேங்க் எடுக்க வந்தவர், எரியும் காகிதத்தை உள்ளே போட்டுப் பார்த்துவிட்டு இறங்கப் போனார். நான் தடுத்துவிட்டேன். விஷவாயு இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டர் வாங்கி வைத்தால் அவர் இறங்கலாமா?
— வாசகர், ஆவடி

நீங்கள் தடுத்தது ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. மீட்டர் இருந்தாலும் இறங்கக் கூடாது. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

தீயைப் போட்டுப் பார்ப்பது மகா ஆபத்து. உள்ளே மீத்தேன் இருந்தால் வெடிக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறதா என்று அது காட்டிக்கொடுக்கவும் செய்யாது. நாலு வாயு பார்க்கும் மீட்டர் என்று ஒன்று உண்டு. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் கத்தும். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு வழக்கமாக 10 பி.பி.எம்.மில் (பத்து லட்சம் பங்கு காற்றில் 10 பங்கு) அலாரம் வைப்பார்கள். நல்ல கருவிதான், ஆனால் கிளறாத கழிவின் மேலிருக்கும் காற்றைத்தான் அது அளக்கிறது. ஒருவர் இறங்கிக் காலால் மிதித்ததும் அடியில் தேங்கிய வாயு மொத்தமாகக் கிளம்பும். ஒரு நிமிடம் முன் மீட்டர் சொன்ன எண்ணுக்கு அப்போது மதிப்பில்லை.

பல வருடம் முன் ஒரு கழிவுநீர் பம்ப் கிணற்றுப் பக்கம் நின்றிருந்தேன். ஏணியில் மூன்று படி இறங்கிய ஒரு தம்பி மேலே பார்த்து, "வாசனை போயிடுச்சு மேடம், இப்ப பரவால்ல" என்று சிரித்தான். வாசனை போகவில்லை, மூக்குதான் செத்துவிட்டது. 100 பி.பி.எம். அளவில் அந்த வாயு முகரும் நரம்பையே மரத்துப்போகச் செய்யும். இடுப்புக் கயிற்றைப் பிடித்து நாங்கள் மூன்று பேர் இழுத்தோம். வெளியே வந்து வாந்தி எடுத்தான், பிழைத்துக்கொண்டான். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

செப்டிக் டேங்க் எடுப்பதற்கான உதவி எண் 14420க்குப் போன் செய்து, உரிமம் உள்ள உறிஞ்சும் லாரியை வரவழையுங்கள். அடியில் இறுகிப் போயிருந்தால் மேலே நின்றபடியே தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து உறிஞ்சலாம். எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டுவார் என்றும் கேளுங்கள். ஏரியிலும் மழைநீர்க் கால்வாயிலும் கொட்டுகிற லாரி வேண்டாம். உங்கள் டேங்க் மூடியைச் சிமென்ட் வைத்துப் பூசியிருந்தால் உடைத்து, கொக்கி வைத்த மூடியாக மாற்றுங்கள். லாரிக் குழாய் நுழைய 4 அங்குலக் குழாய் ஒன்றையும் மூடி போட்டு மேலேயே பதித்துவிடலாம். டேங்கின் நீள அகலம், உள்ளே எத்தனை அறை என்று எழுதி அனுப்புங்கள். குழாயை எந்த இடத்தில் வைப்பது என்று படம் வரைந்து தருகிறேன்.