அட்டையில் 'கிரிம்' என்று போட்டிருந்தால் போதுமா?

கேள்வி: என் மகளுக்கு ஏழரை வயது. படப் புத்தகங்களைத் தாண்டி, அத்தியாயம் பிரித்த ஆங்கிலக் கதைகள் கேட்கிறாள். தேவதைக் கதை என்றால் உயிர். 'குழந்தைகளுக்கான கிரிம் கதைகள், படங்களுடன்' என்று இணையத்தில் பார்த்து ஒன்று வாங்கினேன். உள்ளே ஒரு படம்கூட இல்லை, எழுத்தும் பொடிப்பொடி. சிண்ட்ரெல்லாவின் அக்காக்கள் செருப்புக்குள் கால் நுழைவதற்காக விரலையும் குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள்! இது சரியான புத்தகம்தானா?

பதில்: கதை சரிதான், உங்கள் மகளுக்கு இப்போது ஏற்ற புத்தகம் அல்ல. ஜெர்மனியின் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டிய கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட தொகுப்பில் அந்தக் காலை வெட்டும் காட்சி உண்டு. பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிச் செருப்பும் அவர்களுடையவை அல்ல. பிரான்சின் எழுத்தாளர் பெரோ 1697-இல் எழுதியவை. கிரிம் சொல்லும் சிண்ட்ரெல்லா கதையில் தேவதையே வருவதில்லை. அம்மாவின் கல்லறைமேல் வளர்ந்த மரமும் பறவைகளும்தான் உடை தருகின்றன. பெயர் ஒன்று, கதை இரண்டு. அதனால் யார் திருப்பிச் சொன்னது என்று பார்த்து வாங்குங்கள்.

பழைய மூலங்களுக்கு இப்போது பதிப்புரிமை இல்லை. மார்கரெட் ஹன்ட் 1884-இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை எடுத்து, புது அட்டை போட்டு யாரும் விற்கலாம். நல்ல மொழிபெயர்ப்புதான், ஆனால் அந்தக் காலத்து நீள வாக்கியங்களில் ஏழு வயதுக் குழந்தை தடுக்கி நிற்கும். விற்பனைப் பக்கத்திலேயே சில பக்கங்களைப் புரட்டிப் பார்க்க முடிந்தால், பதிப்பு விவரப் பக்கத்தைப் பாருங்கள். மறுகூறியவர் பெயரும் ஓவியர் பெயரும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இருபது கதைகளை ஒரே புத்தகத்தில் அடைத்த தொகுப்பைவிட, ஒரே கதையை எட்டுப் பத்து அத்தியாயங்களாக விரித்துச் சொல்லும் புத்தகத்தையே நான் வாங்கச் சொல்வேன். தொகுப்பில் பல சமயம் கதைச் சுருக்கம்தான் மிஞ்சும். ராத்திரி ஓர் அத்தியாயத்தோடு மூடி வைத்துவிட்டு, அடுத்து என்ன ஆகும் என்று தவித்துத் தூங்கப் போவதுதான் இந்த வயதில் வாசிப்பைப் பிடிக்க வைக்கிறது. அதைக் குழந்தைக்குக் கொடுங்கள்.

ஓநாய் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்வதுபோலக் கதையைத் திருப்பிப் போடும் புத்தகங்களும் வருகின்றன. மூலக்கதை தெரிந்தால்தான் அவை ருசிக்கும், எனவே முதலில் நீங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். அப்புறம், கடையில் வாங்கினால் நடுப்பக்கம் ஒன்றை மகளையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கட்டும். ஐந்தும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கலாம்.

வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள். 'படங்களுடன்' என்று விளம்பரம் செய்துவிட்டுப் படமில்லாத புத்தகம் அனுப்பினால், 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி விற்பனையாளர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.