யாருக்கு எந்தச் சாவி? – அனுமதி குறித்த கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எஸ்ஏபி என்ற நிறுவன நிர்வாக மென்பொருளில் ஒருவருக்கு ‘அனுமதி இல்லை’ என்று வருகிறது. எந்த ரோலை, அதாவது அனுமதிகளின் தொகுப்பை, சேர்ப்பது?

பதில்: எந்தத் திரை, என்ன செய்தி, ஒன்றும் எழுதாமல் மருந்து மட்டும் கேட்கிறீர்கள். பிழை வந்த கையோடு அந்தப் பயனரையே எஸ்யு53 என்ற கட்டளையை ஓட்டச் சொல்லுங்கள். எந்தச் சோதனையில் தடுக்கப்பட்டார் என்று தெரியும். கடைசியாக இருப்பதுதான் காரணம் என்று நம்பிவிடவும் வேண்டாம். நிரல் சும்மா சோதித்துவிட்டுப் போகும் இடங்களும் உண்டு. அப்படியும் பிடிபடாவிட்டால் எஸ்டி01 என்ற கட்டளையில் ட்ரேஸ் போட்டு, ஒவ்வொரு சோதனையையும் பதிவு செய்து பாருங்கள். ‘அவசரத்துக்கு எஸ்ஏபி_ஆல் கொடுத்தோம், வேலை செய்தது’ என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். எல்லாக் கதவையும் திறக்கும் சாவி அது, செய்யாமல் என்ன? இதைப் படித்து முடிப்பதற்குள் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஐந்து பேர் ஒரே அட்மின் ஐடியைப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. வம்பு வந்த அன்று லாகில் ஒரே பெயர்தான் இருக்கும். ஐந்து பேரும் ‘நானில்லை’ என்பார்கள்.

கேள்வி: புதிதாகச் சேர்ந்தவருக்கு, ஏற்கெனவே அந்தப் பிரிவில் இருப்பவரின் அனுமதிகளை அப்படியே காப்பி செய்கிறோம். சுலபமாக இருக்கிறது. சரிதானே?

பதில்: இந்தக் கேள்வி மாதம் இரண்டு முறையாவது வருகிறது, எனக்கும் அலுக்கவில்லை. நீங்கள் காப்பி செய்வது பதவியை என்று நினைக்கிறீர்கள். போய்ச் சேர்வது ஓர் ஆளின் பத்து வருட வரலாறு. கொள்முதலில் இருந்தபோது வாங்கியது, கணக்குப் பிரிவுக்கு மாறியபோது சேர்ந்தது, யாரோ லீவில் போன வாரம் தற்காலிகமாகக் கொடுத்து மறந்தது, எல்லாம் அதில் இருக்கும்.

நானும் ஆரம்பத்தில் இதைச் செய்தவன்தான். ஒரு நிறுவனத்தில் பயிற்சிக்கு வந்தவருக்கு ஒரு மூத்தவரின் ஐடியைக் காப்பி செய்து கொடுத்தேன். ஆடிட்டில்தான் தெரிந்தது: சப்ளையரின் வங்கிக் கணக்கு எண்ணையும் அந்தப் பிள்ளையால் மாற்ற முடியும், பணத்தையும் விடுவிக்க முடியும். இரண்டும் ஒரே கையில் இருக்கவே கூடாது. அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு வாரம் தூக்கம் போனது.

ஆளைப் பார்த்துக் கொடுக்காதீர்கள், வேலையைப் பார்த்துக் கொடுங்கள். அப்புறம், பிரிவு மாறுகிறவரிடமிருந்து பழையதை அன்றைக்கே பிடுங்குங்கள். சேர்ப்பதற்கு டிக்கெட் (கோரிக்கை) போடும் மேலாளர் எடுப்பதற்குப் போட்டு நான் பார்த்ததில்லை. மனிதவளப் பிரிவின் மாறுதல் பட்டியல் தானாகவே உங்களுக்கு வரும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: வேலையை விட்டவரின் ஐடியை நீக்குவதா, முடக்குவதா?

பதில்: கடைசி நாளிலேயே முடக்குங்கள், சில மாதம் கழித்து நீக்குங்கள். விண்டோஸ் பயனர் கணக்குகள் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் நீக்கிவிட்டு அதே பெயரில் திரும்ப உருவாக்கினாலும் எஸ்ஐடி (கணினி அந்தக் கணக்கை அடையாளம் காணும் எண்) புதிது. பழைய அனுமதி எதுவும் ஒட்டாது. முடக்கும் முன் அவர் பெயரில் தானாக ஓடும் இரவு வேலைகள் (ஜாப்) ஏதும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஓடினால் அதற்கென்று தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். ‘ஜாப் நிற்கும்’ என்று ஐடியை விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: 300 பேருக்கு 400-க்கு மேல் ரோல்கள் வந்துவிட்டன. என்ன செய்யலாம்?

பதில்: தலைக்கு ஒன்றுக்கு மேல் என்றால் அதற்கு ரோல் என்று பெயர் எதற்கு? 1992-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபெராய்லோவும் கூனும் ரோல் வழியாக அனுமதி தரும் இந்த முறையை எழுதி வைத்ததே ஆள் ஆளாகக் கொடுக்கும் தொல்லை ஒழியத்தான். ஆறு மாதமாக யாரும் தொடாத ரோல்களில் தொடங்குங்கள். ஆண்டு முடிவுக் கணக்குக்கானதை மட்டும் விட்டுவிடுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: வேலையைப் பார்த்துக் கொடுங்கள்.

கேள்வி: 30 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாற்றச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். கடைசி எண்ணை ஒன்று கூட்டுவார்கள், அவ்வளவுதான். கசிந்ததற்கு அறிகுறி இருந்தால் மாற்றச் சொல்லுங்கள் என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே சொல்லிவிட்டது.

கேள்வி: விண்டோஸில் குரூப்பில் சேர்த்துவிட்டோம், ஃபோல்டர் இன்னும் திறக்கவில்லை. மூன்று நாளாகப் போராடுகிறோம். மிக அவசரம்!!!

பதில்: அந்தப் பயனர் ஒருமுறை லாக் ஆஃப் செய்து உள்ளே வந்தாரா?