மாமாவோட திருட்டு கேஸ் முடிஞ்சு போச்சு, தோட்டத்து பழைய செக்ரோல் (வேலைக்கு வந்தவங்க பேர் பதியுற புத்தகம்) இப்பதான் கிடைச்சிருக்கு, திரும்பத் திறக்க முடியுமா?

முடியும் தம்பி, ஆனா லேசு இல்ல. மலேசியாவுல மெஜிஸ்ட்ரேட் கோர்ட்டு தீர்ப்புக்கு 14 நாள்ல அப்பீல் போடணும், அது தாண்டிட்டதால லோயர் வச்சு ஹைகோர்ட்டுல டைம் கேட்டு மனு போடணும், கூடவே புது சாட்சியத்த ஏத்துக்கச் சொல்லியும் கேக்கணும். விசாரணை நடந்தப்பவே இது கிடைச்சிருக்காதான்னுதான் மொதல்ல கேப்பாங்க, செக்ரோல் தோட்ட ஆபீஸ் பீரோவுலதான தூங்குச்சு, ஏன் தேடலன்னு பதில் ரெடியா இருக்கணும். காலைப் பெரட்டுல, அதான் வேலைக்கு முன்னால பேர் கூப்பிடுறப்ப, மாமா பேருக்கு நேரா கிராணி (தோட்ட கிளார்க்) போட்ட டிக் இருக்கு, சரி, ஆனா திருட்டு ராத்திரி நடந்ததுன்னா அது எதுக்கும் உதவாது. தயவுசெஞ்சு லேமினேட் பண்ணிடாதீங்க, ஒரிஜினல அப்படியே வைங்க! எதுவும் நடக்கலன்னா அரச மன்னிப்பு, அரசியலமைப்பு 42ஆவது விதி, பேராக்ல நடந்த குற்றம்னா சுல்தான்கிட்ட மனு.