கருவாட்டுக் கடைக் கணினிக்கு எந்த டெலிகிராம்?

அண்ணே, தொண்டியில் கருவாட்டுக் கடை, நாலு ஜிபி ரேம் உள்ள பழைய விண்டோஸ் 10 லேப்டாப், இரண்டு நம்பர், பிரவுசரில் டெலிகிராம் திறந்தால் இழுக்கிறது. அதற்குப் பதில் டெலிகிராம் டெஸ்க்டாப் செயலியா, யூனிகிராம் செயலியா, எதைப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

டெலிகிராம் டெஸ்க்டாப்பையே போடுங்கள். டெலிகிராமே தருவது அது. மூன்று கணக்கு வரை ஒரே செயலியில் வைக்கலாம் என்பதால் கடை நம்பரும் வீட்டு நம்பரும் அடங்கிவிடும்.

போட்டதும் முதல் வேலையாக செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், படமும் வீடியோவும் தானாக இறங்குவதைக் குரூப்புகளுக்கும் சேனல்களுக்கும் நிறுத்துங்கள். விலைக் குரூப்பில் விடிந்ததும் வந்து விழும் நெத்திலி, சாளை வீடியோக்கள்தான் உங்கள் நெட்டைத் தின்கின்றன. வேண்டியதை மட்டும் தட்டி இறக்கினால் போதும். சேமிப்பு இடத்துக்கும் அங்கேயே ஒரு வரம்பு வைக்கலாம்.

இன்னொரு வசதி, ஒரு வியாபாரியோடு பேசிய முழுச் சாட்டையும் எக்ஸ்போர்ட் செய்து ஃபைலாக வைத்துக்கொள்ளலாம். பாக்கிக் கணக்கில் தகராறு வந்தால் உதவும்.

யூனிகிராம் வெளியாள் செய்தது. பார்க்க அழகு, சீக்ரெட் சாட் என்ற ரகசிய உரையாடலும் திறக்கும். விண்டோஸுக்கான டெலிகிராம் டெஸ்க்டாப்பில் சீக்ரெட் சாட் வராது. கருவாட்டு விலையை யார் ரகசியமாகப் பேசப்போகிறார்கள்! அப்படி ஒருவர் இருந்தால் போனிலேயே பதில் போடுங்கள்.

அப்புறம், கடைப் பையன்களும் அந்த லேப்டாப்பில் உட்காருவார்கள் என்றால் பிரைவசி பகுதியில் லோக்கல் பாஸ்கோடு, அதாவது செயலிக்கான பூட்டு, போட்டுவிடுங்கள்.