எடிட்டிங் மேசையிலிருந்து: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சாகசப் படம் என்றால் எனக்கு உயிர். ஆனால் இப்போதெல்லாம் பெரிய துரத்தல் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே கொட்டாவி வருகிறது. எனக்கு வயதாகிவிட்டதா, படங்கள் கெட்டுவிட்டனவா?

பதில்: உங்கள் வயது எனக்குத் தெரியாது, என் வயதில் எனக்கும் வருகிறது. ஆனாலும் பழியை வயதின்மேல் போட மாட்டேன். படத்தொகுப்பாளனாக இருந்த நாட்களில் நான் ஒரு சோதனை வைத்திருந்தேன். துரத்தல் காட்சியை முழுதாக எடுத்துவிட்டு, முன்காட்சியையும் பின்காட்சியையும் ஒட்டிப் பார்ப்பேன். கதை அப்போதும் புரிந்தால் அந்தத் துரத்தல் வெறும் பெட்ரோல் செலவு. ஒருமுறை 7 நிமிடத்தை அப்படி வெட்டினேன். அதை எடுக்க 11 இரவு கண்விழித்த இயக்குநர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. படம் பார்த்தவர்களில் ஒருவர்கூட ‘நடுவில் ஏதோ குறைகிறதே’ என்று கேட்கவில்லை. வெட்டியதைவிட அதுதான் அவருக்கு அதிகம் வலித்திருக்கும்.

துரத்தலுக்குள்ளேயே கதை நகர்வதைப் பார்க்க வேண்டுமா? 1926இல் வந்த பஸ்டர் கீட்டனின் ‘தி ஜெனரல்’ போதும். பேச்சே இல்லாத படம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் ஒற்றர்கள் ஒரு ரயில் எஞ்சினைக் கடத்துகிறார்கள். அதன் ஓட்டுநர் துரத்துகிறார். முதலில் போவது, பிறகு திரும்பி வருவது. கட்டமைப்பு அவ்வளவுதான். ஆனால் போகும்போது அவருக்கு வேண்டியது எஞ்சின் மட்டும். எதிரி முகாமில் மேசைக்கடியில் ஒளிந்திருக்கும்போது அவர்களுடைய தாக்குதல் திட்டம் காதில் விழுகிறது. தன்னைக் கோழை என்று ஒதுக்கிய காதலி அங்கே சிறைப்பட்டிருப்பதும் தெரிகிறது. திரும்பும்போது தண்டவாளம் அதேதான். ஆனால் துரத்தியவர் இப்போது துரத்தப்படுகிறார். எஞ்சினோடு செய்தியும் பெண்ணும் அவர் பொறுப்பில். போகும்போது ஒற்றர்கள் இவருக்குப் போட்ட தடைகளை, வரும்போது இவர் அவர்களுக்குப் போடுகிறார்!

2015இல் வந்த ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ பாலைவனத்தில் செய்ததும் இந்தப் போய்த் திரும்பலைத்தான். தேடிப்போன பசுமை நிலம் அழிந்துவிட்டது என்று தெரிந்ததும், தப்பி வந்த கோட்டையையே பிடிக்க வண்டியைத் திருப்புகிறார்கள். அந்தத் திருப்பத்தை வெட்டிவிட்டு என் சோதனையைச் செய்து பாருங்கள், ஒட்டவே ஒட்டாது.

கேள்வி: ‘வில்லன்தான் கதையை நடத்துகிறான்’ என்று போன இதழில் எழுதினீர்கள். அப்படியானால் நாயகன் வெறும் எடுபிடியா?

பதில்: கோபம் வேண்டாம். திட்டம் வில்லனுடையது, அதைக் குலைப்பது நாயகனின் வேலை. குலைக்க வேண்டிய திட்டமே ஓட்டை உடைசலாக இருந்தால் நாயகனுக்கு என்ன பெருமை? ‘டை ஹார்ட்’ (1988) படத்தின் வில்லன் ஹான்ஸ் குரூபரைப் பாருங்கள். ஒரு கட்டடத்தில் இருப்பவர்களைப் பிணையாகப் பிடித்துவைத்து, அங்குள்ள பெட்டகத்தைக் கொள்ளையடிக்க வந்தவன். பெட்டகத்தின் கடைசிப் பூட்டை அவன் ஆட்களால் திறக்க முடியாது. மின்சாரம் நின்றால்தான் அது விடும். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தன் வழக்கமான நடைமுறைப்படி மின்சாரத்தைத் துண்டிக்கும் என்று அமைதியாகக் காத்திருக்கிறான். உதவி வந்துவிட்டது என்று நாம் மூச்சு விடும் நேரத்தில், அந்த உதவிதான் அவனுடைய சாவி என்று தெரிகிறது.

இப்படி ஒருவன் எதிரே நிற்கும்போது நாயகனுக்குத் தோள்வலிமையைவிட ஒரு குறைதான் அதிகம் பயன்படும். அந்தப் படத்தின் நாயகன் மெக்ளேன் வெறுங்காலோடு அலைகிறார். படத்தின் தொடக்கத்தில் விமானத்துப் பக்கத்து இருக்கைக்காரர், களைப்புத் தீர வெறுங்காலில் தரைவிரிப்பின்மேல் விரல்களை மடக்கி நடக்கச் சொல்கிறார். கேட்கும்போது அசட்டு யோசனையாகத்தான் இருக்கும். பிற்பாடு குரூபர் அந்த வெறுங்காலைக் கவனித்துவிட்டு, கண்ணாடிகளைச் சுடச் சொல்கிறான். சில்லுகள் மெக்ளேனின் பாதத்தில் ஏறும்போது நம் கால் கூசுகிறதே, அதற்கான ஏற்பாடு விமானத்திலேயே முடிந்துவிட்டது.

கேள்வி: நாயகன், வில்லன், துணைவர் என்று ஏழு வகைப் பாத்திரங்களை ரஷ்ய அறிஞர் விளாதிமிர் ப்ராப் சொல்லியிருக்கிறாராம். கதை எழுதும் நான் ஏழு பேரையும் வைத்தே ஆக வேண்டுமா?

பதில்: ப்ராப் 1928இல் ஆராய்ந்தது ரஷ்ய மாயக் கதைகளை, சினிமாவை அல்ல. அவர் சொன்ன ஏழு, ஆள் கணக்கில்லை, வேலைக் கணக்கு. ஒருவரே இரண்டு வேலை பார்க்கலாம், ஒரு வேலையை மூவர் பங்கிட்டுக்கொள்ளலாம். ‘தி டெர்மினேட்டர்’ 1984இல் வந்தபோது கொல்ல வந்த இயந்திரம், 1991இன் இரண்டாம் பாகத்தில் அதே முகத்தோடு காவலுக்கு வரவில்லையா?

பட்டியலை விடுங்கள், அதில் போலி நாயகனை மட்டும் கவனியுங்கள். நாயகன் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்லிக்கொள்பவன் அவன். சாகசப் படங்களில் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும் நண்பனாக வருவான். நம் எழுத்தாளர்கள் அவனை முதல் காட்சியிலேயே ஓரக்கண்ணால் சிரிக்க வைத்துவிடுகிறார்கள். யாரும் நம்பாதவன் எப்படித் துரோகம் செய்வான்? காட்டிக்கொடுப்பதற்கு முன் ஒருமுறையாவது அவன் நாயகனின் உயிரை உண்மையாகவே காப்பாற்றட்டும்.

கேள்வி: நகைச்சுவைத் தோழன் இல்லாமல் சாகசப் படம் எடுக்க முடியாதா?

பதில்: எடுக்கலாம். ஆனால் நாயகன் தன் பயத்தை யாரிடம் சொல்வார்? மெக்ளேனுக்கே வாக்கி டாக்கியில் ஒரு போலீஸ்காரர் தேவைப்பட்டார்.