வாசகர் கேள்வி: ஆறுமணிக்குருவி எங்கே போகிறது?

கேள்வி: ஐப்பசி மழையோடு எங்கள் வளவுக்கு ஒரு குருவி வரும். விடியப்புறமும் பொழுதுபடும் நேரமும் விசில் அடித்த மாதிரிக் கூப்பிடும். சித்திரைக்குப் பிறகு சத்தமே இல்லை. என்ன குருவி, எங்கே போகிறது? – உப்புவெளி வாசகி

பதில்: ஆறுமணிக்குருவிதான் அது, தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். பச்சை முதுகு, கண்ணோடு ஓடும் கறுப்புப் பட்டை, வயிற்றின் அடியில் நல்ல சிவப்பு, வால் மட்டும் குட்டை. கோடையில் இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் வர முன்னமே தெற்கே இறங்கி, கடலையும் தாண்டி நம்மிடம் வருகிறது. எனக்கு இந்தக் குருவியில் தனிப் பாசம். வந்திறங்கும் நாட்களில் களைத்துப்போய் வீட்டுக்குள் புகுந்துவிடும், ஜன்னல் கண்ணாடியில் மோதியும் விழும். விழுந்து கிடந்தால் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஓட்டை போட்ட மட்டைப் பெட்டியில் வைத்து, சத்தமில்லாத இடத்தில் மூடி வையுங்கள், தெளிந்ததும் மரத்தடியில் திறந்துவிட்டால் சரி. இன்னொன்று, அது சருகைக் கிளறித்தான் புழு பூச்சி தின்னும். நாம் வளவை மொட்டையாகக் கூட்டி எரித்தால் அதற்குச் சாப்பாடு எங்கே? மாமரத்தடியில் ஒரு மூலையையாவது கூட்டாமல் விடுங்கள்.

கேள்வி: பறவை பார்க்க எந்த மாதம் எங்கே போகலாம்? என்னிடம் பைனாகுலர் இல்லை. – தம்பலகாமம் மாணவன்

பதில்: தம்பி, பைனாகுலர் பிறகு வாங்கலாம், முதலில் உங்கள் வயலையே பாருங்கள். பெரும்போகத்துக்கு உழும்போது பின்னாலேயே வரும் கொக்குகளை வகை பிரித்துப் பழகினால் கண் தானாகத் தேர்ந்துவிடும். வெளிநாட்டுப் பறவைகளுக்கு மாரி முடிந்து களப்புத் தண்ணீர் வற்றத் தொடங்கும் தை, மாசிதான் நல்ல காலம், சேறு வெளியே வந்தால்தான் உள்ளான்கள் இரை தேட இறங்கும். குச்சவெளிப் பக்கம் போகலாம், வசதி இருந்தால் 1951 இல் சரணாலயமாக்கிய கொக்கிளாய்க் களப்புக்கும் போய்வரலாம். வெயில் ஏற முன்னம், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நில்லுங்கள், எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். பங்குனி, சித்திரையில் கடல் அடங்கியதும் கோணேசர் கோயில் பாறையிலிருந்து ஆழ்கடலைப் பொறுமையாகப் பாருங்கள், திருகோணமலையில் கடல் கரைக்குக் கிட்டவே சட்டென்று ஆழமாகிவிடுவதால் திமிங்கிலம் மூச்சு விடும் நீர்ப்புகை சில நாட்களில் அங்கிருந்தே தெரியும். அப்புறம் வைகாசி முதல் நிலாவெளிக் கடலில் இருக்கும் புறாத்தீவு. எல்லோரும் முருகைக்கல்லும் சுறாவும் பார்க்கப் போகிறார்கள், தீவுக்குப் பெயர் தந்த மாடப்புறாக்களைப் பார்க்க ஆளில்லை! அவை பாறை இடுக்குகளில் கூடு வைக்கும், மேலே ஏறிக் கலைக்காதீர்கள்.

கேள்வி: கோட்டை மான்களுக்குச் சாப்பாடு கொடுக்கலாமா? – திருகோணமலை நகர வாசகர்

பதில்: வேண்டாம். கையில் வாங்கித் தின்னப் பழகிய மான், ஆள் போன பிறகு சொப்பிங் பையையும் சேர்த்து மெல்லும், அது குடலில் அடைத்துக்கொண்டால் பிழைப்பது கஷ்டம். கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்குக் கொண்டுபோகும் பழம், பொரியெல்லாம் பைக்குள்ளேயே இருக்கட்டும், வெறும் பையையும் வீட்டுக்கே கொண்டுவாருங்கள்.