‘செட்’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன?

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் கிராம வாழ்க்கையைப் பற்றிய ஒரு சிறு நூலைத் தமிழாக்கி வருகிறேன். ஒரே அத்தியாயத்தில் ‘செட்’ என்ற வினை மேசை, எலிப்பொறி, கோழி, பழக்கூழ், சூரியன் ஆகியவற்றோடு சேர்ந்து, ஒவ்வோர் இடத்திலும் வேறு பொருளில் வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இதற்கு 430 பொருள்கள் உண்டு என்கிறான் என் மகன். இத்தனையையும் தாங்கும் ஒரு சொல் தமிழில் இல்லாதது மொழியின் குறையா?

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகன் சொன்ன கணக்கு சரிதான். ஆனால் அது 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பின் கணக்கு. அதில் ‘செட்’ பற்றிய பதிவு மட்டும் ஏறத்தாழ 60,000 சொற்கள், அதாவது ஒரு நாவலின் நீளம். பின்னர் நடந்த திருத்தப் பணியில் ‘ரன்’ என்ற வினை 2011இல் 645 பொருள்களோடு முந்திவிட்டது. இந்தப் போட்டியை நான் பெரிதாக நினைப்பதில்லை, ஏனென்றால் அகராதிக்காரர் எவ்வளவு பொடிப்பொடியாகக் கூறு போடுகிறாரோ அவ்வளவு எண்ணிக்கை கூடும்.

மொழிபெயர்ப்பவருக்கு உதவுவது அச்சொல்லின் பிறப்புதான். ‘சிட்’ என்றால் உட்கார். அதன் பிறவினையே ‘செட்’, அதாவது உட்கார வை. இதைப் பிடித்துக்கொண்டால், தமிழில் ‘வை’ எத்தனை இடங்களில் தானாக வந்து நிற்கிறது என்று பாருங்கள்: பொறி வைக்கிறோம், அலாரம் வைக்கிறோம், தீ வைக்கிறோம், கெடு வைக்கிறோம். இவை அனைத்துக்கும் ஆங்கிலத்தில் ‘செட்’தான். ஆகவே குறை என்ற பேச்சுக்கே இடமில்லை.

கோழி வரும் இடத்தில் ‘அடை வைத்தாள்’ என்று எழுதுங்கள். என் பாட்டி கூடையில் வைக்கோல் பரப்பி, முட்டைகளோடு ஓர் இரும்பு ஆணியையும் அடுப்புக்கரித் துண்டையும் போட்டு, அதன் பிறகே கோழியைத் தூக்கி உட்கார வைப்பார். இடி இடித்தால் கூமுட்டையாகிவிடும் என்ற பயம் அவருக்கு. ‘செட்’ என்ற வினையின் மூலப்பொருளை அவ்வளவு அப்பட்டமாக நான் வேறெங்கும் கண்டதில்லை.

சூரியனுக்கும் இதே உறவு உண்டு. பழைய ஆங்கிலத்தில் சூரியன் மறைவதற்கு வழங்கிய ஒரு சொல்லை அப்படியே பிரித்தால் ‘இருக்கைக்குப் போதல்’ என்று பொருள்படும். நம் கிராமங்களில் கோழி கூட்டில் அடைவதையும் பொழுது அடைவதையும் ஒரே வினையால் சொல்வது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. அந்நூலின் நடை இடம் கொடுத்தால், ‘அஸ்தமித்தது’ என்பதைவிடப் ‘பொழுது அடைந்தது’ என்பதையே நான் தேர்வேன்.

பழக்கூழில்தான் ‘வை’ கைவிடுகிறது. ஓடிக்கொண்டிருந்த நீர்மம் அசையாமல் உட்கார்ந்துவிடுவதை ஆங்கிலம் ‘செட்’ என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொள்ள, தமிழில் தயிர் உறைகிறது, சிமெண்ட் இறுகுகிறது. ஜெல்லி என்றால் ‘உறைந்தது’ பொருந்தும். ஜாம் என்றால் ‘இறுகியது’ என்பேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தொகுதி என்ற பொருளில் வரும் ‘செட்’ வேறு வீட்டுப் பிள்ளை. அது லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த பெயர்ச்சொல். மதப்பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ அதன் உடன்பிறப்பு. ஒலி ஒத்ததால் இரண்டும் காலப்போக்கில் கலந்துவிட்டன. பம்பு செட், பல் செட், செட் தோசை, ‘அவன் எங்க செட்’ என்று நாம் கடன் வாங்கியது பெரும்பாலும் இந்த இரண்டாமவரை. கணிதத்தில் இதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘கணம்’ என்கின்றன, இலங்கைப் பாடநூல்கள் ‘தொடை’ என்கின்றன. ‘இந்தச் சட்டை எனக்கு செட் ஆகல’ என்பதோ முழுக்க நம் கைவண்ணம். ஆங்கிலேயருக்கு அது விளங்காது.

மிச்சமிருப்பது மேசை. நம் வழக்கில் அதற்கு நேரான தொடர் ‘இலை போட்டாள்’ என்பதுதான், ஆனால் அப்படி எழுதினால் அந்த இங்கிலாந்துப் பண்ணைவீட்டில் வாழையிலை வந்து விழுந்துவிடும். ‘மேசையில் தட்டுகளை எடுத்து வைத்தாள்’ என்றே எழுதிவிடுங்கள்.